பாலர் பள்ளி ஆசிரியர் பணி: தொண்டும் ஊதியமும்

சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தொண்டா, தொழிலா? கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடக்கும் எந்தப் பாலர் பள்ளியை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கேள்வி அதன் கணக்குப் புத்தகத்தில் தெரியும். கோயில் மண்டபத்து வகுப்பு, ஆசிரமத்தின் குழந்தைகள் இல்லம், தமிழ்ப்பள்ளி வளாகத்துப் பாலர் பள்ளி, கடைவீட்டு மாடியில் நடக்கும், ‘தாடிக்கா’ எனப்படும் தனியார் பாலர் பள்ளி எல்லாமே ஏதோ ஒரு விடையை ஏற்றுக்கொண்டுதான் இயங்குகின்றன. தொண்டு என்று கொண்டால் ஆசிரியருக்குக் கிடைப்பது ‘அலவன்ஸ்’. தொழில் என்று கொண்டால் சம்பளம், சேமநிதி, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு. இந்தப் பணியில் சேர நினைக்கும் இளையோரின் வாழ்க்கையும், அவர்களிடம் ஒப்படைக்கப்படும் பிள்ளைகளின் முதல் ஆறு ஆண்டுகளும் இந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன. இது பொருளாதாரக் கேள்வி போலத் தோன்றினாலும் இதன் வேர் சமயத்தில் இருக்கிறது. ஊதியம் பெற்றுச் செய்யும் பணி தொண்டாகுமா என்பதே அது.

தோட்டத்து ஆயாக் கொட்டகை

மலாயாவில் தமிழ்க் குழந்தைகளுக்கான முதல் பராமரிப்பு நிலையம் தோட்டத்து ஆயாக் கொட்டகைதான். பால்மரம் வெட்டும் தாய் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போயாக வேண்டும். தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுவந்து கொட்டகையில் விட்டுப் போவாள். அங்கே உத்தரத்தில் சேலை ஏணைகள் வரிசையாகத் தொங்கும். மரம் வெட்ட உடல் இடங்கொடுக்காத முதிய பெண்ணொருத்தி ஏணையை ஆட்டுவாள், கஞ்சி ஊட்டுவாள், தாலாட்டும் கதையும் சொல்வாள். அவளுக்குப் பயிற்சி இல்லை, கூலியும் சொற்பம். தோட்டத்தின் பிள்ளைகளோ அவள் மடியில்தான் வளர்ந்தார்கள்.

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த விதியால் தோன்றியவை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இந்த விதிக்குள் வரவே இல்லை. எழுத்து கற்பிப்பது கல்வி, அதற்கு முந்தையது வெறும் பார்த்துக்கொள்ளல் என்ற பிரிவினை அப்போதே வேரூன்றிவிட்டது. பிள்ளை வளர்ப்பவர் ஊதியம் இன்றுவரை தாழ்ந்து கிடப்பதற்கு இந்தப் பிரிவினை முதற்காரணம்.

நகரத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. இரயில்வேப் பணிமனைகளைச் சுற்றி உருவான கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழர்கள் 1904இல் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினார்கள். கல்வியும் சமயமும் ஒரே பணி என்பது அதன் அடிப்படை. போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தர் 1949இல் சுத்த சமாஜத்தைத் தொடங்கி, ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பூச்சோங் சாலையில் இல்லம் அமைத்தார். அவருக்குப் பின் அதைப் பல பத்தாண்டுகள் நடத்திய அன்னை மங்களம் 2010இல் மெர்டேக்கா விருது பெற்றார். இதே மரபு மற்றச் சமயங்களிலும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் மகா விகாரையின் ஞாயிறு தர்மப் பள்ளி 1929இல் தொடங்கியது. தேவாலயங்களும் இஸ்லாமிய இயக்கங்களும் இன்று நாடெங்கும் பாலர் பள்ளிகள் நடத்துகின்றன. சிறு பிள்ளையின் கல்விக்கு அரசு கை கொடுக்குமுன் கை கொடுத்தவை சமய அமைப்புகள். அவை கொண்டுவந்த தொண்டு என்னும் உணர்வும் இந்தத் துறையோடு ஒட்டிக்கொண்டது.

இன்றைய அமைப்புகள்

மலேசியாவில் குழந்தைப் பருவக் கல்வி இரண்டு சட்டங்களின் கீழ் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான பராமரிப்பு நிலையங்கள், அதாவது தாஸ்காக்கள், 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி சமூகநல இலாகாவில் பதிவு பெற வேண்டும். நான்கு முதல் ஒன்பது பிள்ளைகள் வரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதும் இச்சட்டத்துக்குள் வரும். ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் எனப் பணியாளர் இருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வயது வரையிலான பாலர் பள்ளிகள் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. அவற்றுக்குக் கல்வி அமைச்சில் பதிவு வேண்டும்.

அரசுப் பாலர் பள்ளிகள் மூன்று வகை. கல்வி அமைச்சின் வகுப்புகள் தொடக்கப்பள்ளி வளாகங்களில் நடக்கின்றன. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிலும் இவை உண்டு. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள் வரை, ஓர் ஆசிரியர், ஒரு துணைப் பணியாளர் என்பது முறை. ஊரக மேம்பாட்டு அமைச்சின் கீழுள்ள கெமாஸ் நிலையங்கள் இரண்டாம் வகை. ஒற்றுமைத் துறையின் ‘பெர்பாடுவான்’ பாலர் பள்ளிகள் மூன்றாம் வகை. பல இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்கென்றே நகர்ப்புறக் குடியிருப்புகளில் இவை அமைந்தன.

தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது ஆயாக் கொட்டகைகளும் மறைந்தன. கிள்ளானின் புக்கிட் ராஜா போன்ற பெருந்தோட்டங்கள் இருந்த இடத்தில் இன்று நகரியங்கள் நிற்கின்றன. அங்கிருந்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொட்டகையும் இல்லை, கூப்பிடு தூரத்தில் உறவும் இல்லை. இந்த வெற்றிடத்தில் தமிழ் அரசு சாரா அமைப்புகளும் கோயில் நிர்வாகங்களும் தனியாரும் பாலர் பள்ளிகள் தொடங்கினர். 2018இல் அமைந்த மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா, குறைந்த வருமான இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளிக் கட்டண உதவி வழங்கிவந்திருக்கிறது. கட்டணத்தைத் தாங்கும் உதவி பிள்ளையைப் பள்ளி வாசல்வரை கொண்டுவரும். உள்ளே நிற்கும் ஆசிரியர் எத்தகையவர் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

வேலையும் படிப்பும்

இத்துறையில் பணி வகைகள் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவதைவிட அதிகம். தாஸ்காவில் பராமரிப்பாளர், பாலர் பள்ளியில் ஆசிரியர், துணை ஆசிரியர், மேற்பார்வையாளர், நடத்துநர் ஆகியோர் ஒரு வரிசை. தாமதமாகப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான தொடக்கநிலை உதவி மையப் பணியாளர் ஆகியோர் மற்றொரு வரிசை. கலைத்திட்டம் எழுதுவோர், ஆசிரியர் பயிற்றுநர், படக்கதை நூல் உருவாக்குவோர், சமூகநல இலாகா அதிகாரி, ஆய்வாளர் என இன்னும் பல வழிகள் உள்ளன. தமிழில் பேச்சுப் பயிற்சி தரத் தெரிந்தவர்களும், நான்கு வயதுக்கேற்ற தமிழ்ப் படக்கதைகளை எழுதுபவர்களும் இங்கே பெரிதும் தேவைப்படுகிறார்கள்.

இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மூன்று பாடங்களில் கிரெடிட் பெற்றவர் குழந்தைப் பருவக் கல்வியில் டிப்ளோமா சேரலாம். மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகவும் இத்துறைக்குள் வரலாம். வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோர்க்கு மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் போன்றவை பட்டப்படிப்பு வைத்திருக்கின்றன. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தேசியக் குழந்தை மேம்பாட்டு ஆய்வு மையம் இயங்குகிறது. 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குக் குறைந்தது டிப்ளோமா வேண்டும் என்று இலக்கு வைத்தது. பாலர் பள்ளிகளுக்கு மலேசியப் பாலர் பள்ளிச் சங்கமும், பராமரிப்பாளர்களுக்குப் பதிவுபெற்ற பராமரிப்பாளர் சங்கமும் உள்ளன.

படிப்புக்கான இலக்கு உயர்ந்த அளவுக்கு ஊதியம் உயரவில்லை. நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். ஐவருக்கும் குறைவான பணியாளரைக் கொண்ட இடங்களுக்கு அது அதே ஆண்டு ஆகஸ்டு 1இல் நடைமுறைக்கு வந்தது. பல தனியார் பாலர் பள்ளிகளில் டிப்ளோமா பெற்றவரின் தொடக்கச் சம்பளமும் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. ஊதியம் என்ற பெயரே இல்லாமல் ‘அலவன்ஸ்’ தரும் இடங்களில் இந்தக் கோடும் எட்டுவதில்லை. அவ்வாறு தருவோர் பெரும்பாலும் சொல்லும் காரணம், இது தொண்டு என்பதுதான்.

தொண்டு என்னும் வாதம்

அந்தக் காரணத்தைப் போலி என்று தள்ளிவிட முடியாது. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்பது கீதையின் கர்மயோகம். அதை இக்காலத்துக்கு விளக்கிய விவேகானந்தர், உயிர்களுக்குச் செய்யும் பணியே இறைவழிபாடு என்றார். அந்த நோக்கத்தோடு 1897இல் இராமகிருஷ்ண மிஷனை நிறுவினார். சைவத்திலோ திருநாவுக்கரசர் கையில் உழவாரப் படையோடு கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியதே தொண்டின் இலக்கணமாக நிற்கிறது. பெரும் புலமை உடையவர் தரையில் அமர்ந்து செய்த பணி அது. பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவதும், நனைந்த கால்சட்டையை மாற்றிவிடுவதும், இருபதாவது முறையாக அதே கதையைச் சொல்வதும் அந்த உழவாரத்துக்கு இணையானவை. பணத்துக்காக மட்டும் இவற்றை ஒருவர் ஆண்டுக்கணக்கில் முகம் கோணாமல் செய்ய முடியாது. பிள்ளையிடம் இயல்பான அன்பு இல்லாதவர் இந்தப் பணிக்கு வரக்கூடாது என்பதும் உண்மை.

தமிழ் இலக்கண மரபும் கற்பித்தலைக் கொடையாகவே பார்க்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் பாடம் சொல்வதை ஈதல் என்றும், மாணவர் கேட்பதைக் கொள்ளுதல் என்றும் வகுக்கிறது. பிள்ளை முன் அமரும் ஆசிரியர் தம்மிடம் உள்ளதைக் கொடுக்கிறார். இதுவரை தொண்டு வாதம் பிழையற்றது.

வாதம் தவறும் இடம்

கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதை மறக்கும்போது வாதம் தவறுகிறது. பெரியபுராணத்து அடியார்கள் பலர் தொழில் உடையவர்கள். திருநீலகண்டர் குயவர், நேசர் நெசவாளர், அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். அதிபத்தர் பிடித்த மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டார். மற்றவை அவர் குடும்பத்தைக் காத்தன. காரி நாயனார் தமிழில் கோவை பாடி, அதன் பொருளை மூவேந்தர்க்கும் விளக்கிப் பொருள் பெற்றார். அந்தப் பொருளைக் கொண்டு கோயில் கட்டினார். கல்வியால் ஈட்டிய ஊதியம் அவருடைய தொண்டைக் குறைக்கவில்லை, தொண்டுக்கு வழி செய்தது. இவர்கள் எல்லாரும் தமக்கென ஒன்று இருந்ததால் கொடுத்தார்கள். யாரும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்கவில்லை.

பலனில் பற்று வேண்டாம் என்பதும் செய்பவர் தம் மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் நெறி. அதை வேலை வாங்குபவர் வேலை செய்பவருக்குச் சொன்னால் நெறி தலைகீழாகிவிடும். ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஏழைப் பிள்ளையின் கட்டணத்துக்கு விட்டுக்கொடுத்தால் அது தொண்டு. நிர்வாகம் அவர் சம்பளத்தைக் குறைத்து அதே கட்டணத்தை ஈடுகட்டினால் கொடையாளி அந்த ஆசிரியர்தான், நிர்வாகம் கொடை பெற்ற தரப்பு. கல்வெட்டில் பெயர் மட்டும் நிர்வாகத்துடையதாக இருக்கும்.

ஆசிரியருக்குப் பொருள் கொடுப்பது தமிழ் மரபுக்குப் புதிதுமன்று. புறநானூற்றின் 183ஆம் பாடல் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் பாடியது. ஆசிரியருக்குத் துன்பம் வந்தபோது உதவியும், மிகுந்த பொருள் கொடுத்தும் கற்பது நல்லது என்பது அதன் கருத்து. கற்பித்தல் கொடைதான். அந்தக் கொடையைப் பெற்ற சமூகத்துக்கும் ஒரு கடன் உண்டு என்பதை அரசனே எழுதிவைத்திருக்கிறான்.

இந்தியாவின் அங்கன்வாடிகளில் இக்கேள்வி நீதிமன்றம் வரை போனது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிப் பெண்களை மதிப்பூதியம் பெறும் தொண்டர்களாகவே வைத்திருந்தது. 2022 ஏப்ரல் 25 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைப் பேணியவர் வெறுங்கையோடு ஓய்வுபெறக் கூடாது என்பது அத்தீர்ப்பின் பயன்.

அன்போடு அறிவு

ஊதியம் கோருவதற்கு நியாயம் அறிவிலும் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கிறது. பயிற்சி இல்லாதவர் அதன் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பார்; பிள்ளை அழும். பயிற்சி பெற்றவர் பென்சிலை எடுத்து வைத்துவிட்டுப் பிசைந்த மாவைத் தருவார். உருட்டவும் கிள்ளவும் துணிக் கவ்வியை அழுத்தவும் விடுவார். விரல் தசைகள் வலுப்பெற்றபின் அந்தப் பிள்ளையின் கை தானாகவே மூன்று விரல்களால் பென்சிலைப் பிடிக்கும். கிள்ளானில் ஒரு பிள்ளை வீட்டில் ‘தண்ணி’ என்றும் பக்கத்து வீட்டில் ‘ஆயிர்’ என்றும் கேட்டு, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும். அது குழப்பமன்று, இரண்டு மொழிகள் ஒருங்கே வளர்வதன் அடையாளம் என்று அறிந்த ஆசிரியர் பிள்ளையைத் திருத்தி வெட்கப்படுத்த மாட்டார். பேச்சு உண்மையிலேயே தடைப்பட்டிருக்கும் பிள்ளையை இனங்கண்டு உரிய காலத்தில் உதவிக்கு அனுப்பவும் அவருக்குத்தான் தெரியும்.

அன்பும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு மரியா மாண்டிசோரி சான்று. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாறு வந்த அவர், உலகப் போரால் அங்கேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் பணியாற்றினார். ஆசிரியர் முதலில் தம் உள்ளத்தைப் பண்படுத்த வேண்டும், கோபத்தையும் செருக்கையும் களைய வேண்டும் என்றவர் அவர். முறையான பயிற்சி வகுப்பையும் சான்றிதழையும் வலியுறுத்தியவரும் அவரே. நன்னூலும் இப்படித்தான் இரண்டையும் கேட்கிறது. அருளும் தெய்வபக்தியும் நல்லாசிரியரின் இலக்கணம் என்று சொல்லும் அந்நூல், அவற்றோடு கலைத் தேர்ச்சியையும் எடுத்துரைக்கும் திறனையும் வேண்டுகிறது. அஞ்சும்படி பேசுவதை ஆசிரியராகத் தகாதவரின் குணங்களில் வைக்கிறது. பிள்ளையை மிரட்டி அடக்கும் வகுப்பு, கோயில் மண்டபத்தில் நடந்தாலும் தொண்டாகாது.

பிள்ளைக்கு எந்தச் சமயம்

சமய அமைப்பு நடத்தும் பாலர் பள்ளி சமயத்தை எவ்வளவு கற்பிக்க வேண்டும் என்பது இதோடு சேர்ந்த கேள்வி. 2010இல் அறிமுகமாகி 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தில் ஆன்மிகம், மனப்பான்மை, நன்னெறி ஆகியவற்றுக்கென ஒரு கூறு இடம்பெற்றது. அதில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் வகுக்கப்பட்டன. இந்துப் பிள்ளையின் சமயக் கல்வி வீட்டையும் கோயிலையும் சார்ந்தது. 1965இல் அமைந்த மலேசிய இந்து சங்கம் சமய வகுப்புகளையும் திருமுறை ஓதும் போட்டிகளையும் ஊக்குவித்து வருகிறது.

நான்கு வயதில் சமயம் என்பது பொருள் புரியாத பாட்டை ஒப்பிப்பதில் முடிந்துவிடக் கூடாது. விளக்கேற்றும்போது அமைதியாக நிற்பது, பூவைக் கசக்காமல் வைப்பது, பக்கத்துப் பிள்ளைக்குப் பிரசாதத்தைப் பகிர்வது, எறும்பு வரிசையை மிதிக்காமல் தாண்டுவது ஆகியவை அந்த வயதுக்கேற்ற சமயம். பிள்ளை இவற்றைப் பெரியவர்களைப் பார்த்தே கற்கிறது. தன் ஆசிரியரை நிர்வாகம் மதிப்பதும் மதிக்காததும்கூட அதன் கண்ணில் படும்.

செலவை யார் ஏற்பது

ஆசிரியருக்கு முறையான சம்பளம் கொடுத்தால் கட்டணம் ஏறும், ஏழைப் பிள்ளை வெளியே நிற்கும் என்பது நடத்துநர்களின் கவலை. கவலை உண்மையானது. அதற்காகச் சுமையை அந்த இடத்தில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர் தலையில் வைப்பது அறமன்று. பிள்ளையால் பயன்பெறுவது ஊர் முழுவதும். ஆகவே செலவும் ஊரின் செலவு. அரசின் உதவி கட்டணத்தோடு நில்லாமல் ஆசிரியர் பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் நீள வேண்டும். கோயில்களும் சங்கங்களும் திருவிழாவுக்கு நிதி திரட்டுவதைப் போலவே பாலர் பள்ளி ஆசிரியர் ஊதியத்துக்கும் தனி நிதி வைக்க வேண்டும். அன்னதானத்துக்குக் கொடுப்பவர் வித்யாதானத்துக்கும் கொடுப்பார். அந்தத் தானம் கட்டடத்துக்குப் போவதற்கு முன் ஆசிரியருக்குப் போக வேண்டும்.

தொண்டா தொழிலா என்ற கேள்விக்கு நம் நூல்கள் காட்டும் விடை ஒன்றே. மனத்தால் அது தொண்டு, உரிமையால் அது தொழில். முன்னது ஆசிரியரின் பொறுப்பு, பின்னது அவரைப் பணிக்கு வைப்பவரின் பொறுப்பு. பாலர் பள்ளி நடத்தும் ஒவ்வொரு கோயிலும் ஆசிரமமும் சங்கமும் தம் ஆசிரியருக்குப் பணி நியமனக் கடிதம், சட்டப்படியான சம்பளம், சேமநிதி, பயிற்சி ஆகிய நான்கையும் உறுதி செய்யட்டும். பெற்றோரும் பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதோடு, ஆசிரியரின் படிப்பையும் சம்பளத்தையும் கேட்கட்டும்.